சாக்லேட்டில் உறையும் ஊக்கப் பொருள்கள் - அளந்தறியும் முறை

உணவின் சுவையை நா அறியும். அதில் அடங்கிய பொருள்களின் அளவை நா அறியாது. பெரியபாளையம் கடைத்தெருவில் குழந்தைக்குச் சாக்லேட் வாங்கும் தந்தை, சர்க்கரையும் கொழுப்பும் எவ்வளவு என்பதை உறையில் படித்தறியலாம். குழந்தையின் உறக்கத்தைக் குறைக்கவல்ல ஊக்கப் பொருள்களின் அளவோ பெரும்பாலான உறைகளில் இராது. அதனை ஆய்வுக்கூடமே சொல்ல வேண்டும்.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளையும் கொக்கோவின் விதையே சாக்லேட்டின் மூலப்பொருள். அவ்விதையில் ஊக்கப் பொருள்கள் இரண்டு உள. ஒன்று, காப்பியிலும் தேயிலையிலும் உள்ள காஃபீன். 1819-இல் ஜெர்மானிய வேதியியலார் ரூங்கே பிரித்தெடுத்தது. மற்றொன்று, 1841-இல் உருசிய அறிஞர் வொஸ்கிரெசென்ஸ்கி கொக்கோவில் கண்டறிந்த தியோபுரோமின். ‘தியோபுரோமா’ என லின்னேயஸ் கொக்கோ மரத்திற்கு இட்ட கிரேக்கப் பெயரிலிருந்து பிறந்தது இச்சொல். பெயரில் புரோமின் ஒலிப்பினும் பொருளில் அத்தனிமம் அணுவளவும் இல்லை. பெயரைக் கொண்டு பொருளை முடிவு செய்யலாகாது என்பதற்கு இதுவே சான்று.

இவ்விரண்டும் உடன்பிறப்புகளைப் போன்றவை. காஃபீனில் மெத்தில் தொகுதி ஒன்று கூடுதல், அவ்வளவே வேறுபாடு. ஏறத்தாழ 273 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா ஒளியை இரண்டும் உறிஞ்சுகின்றன. ஆதலின் ஒளியை மட்டும் கொண்டு தனித்தனியே அளத்தல் அரிது. முதலில் பிரித்தல் வேண்டும். பின்னரே அளத்தல் வேண்டும்.

எவ்வாறு பிரிப்பது? சாக்லேட்டைத் துருவி, நிறுத்து, ஹெக்சேன் கொண்டு கொழுப்பை நீக்குவர். எஞ்சிய தூளை வெந்நீரில் இட்டால் இரண்டும் கரைந்து நீரில் இறங்கும். அந்நீரை நுண்வடிகட்டியில் வடித்து, உயர்திறன் நீர்ம நிறப்பிரிகைக் கருவியில் செலுத்துவர். நுண்துகள் நிறைந்த குழாயின் வழியே நீரும் மெத்தனாலும் கலந்த கரைசல் அவற்றைச் சுமந்து செல்லும். தியோபுரோமின் முந்தி வெளிவரும். துகள்களோடு சற்றே ஒட்டி நிற்கும் காஃபீன் பிந்தி வரும். திரையில் இரு முகடுகள் எழும். அளவு தெரிந்த தூய கரைசல்களின் முகடுகளோடு ஒப்பிட்டால் விடை கிடைக்கும்.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவு அட்டவணைப்படி, 70 முதல் 85 விழுக்காடு கொக்கோ சேர்ந்த கறுப்புச் சாக்லேட் 100 கிராமில் தியோபுரோமின் ஏறத்தாழ 800 மில்லிகிராம், காஃபீன் 80 மில்லிகிராம். பால் சாக்லேட்டில் இவை முறையே 200, 20 என்ற அளவின. கொக்கோவின் கொழுப்பு மட்டுமே சேர்ந்த வெள்ளைச் சாக்லேட்டில் இவை இல்லை எனலாம்.

கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்பலாமா? அளவு தெரிந்த காஃபீனைத் தாமே மாதிரியில் கலந்து, அது குறையாமல் திரும்பக் கிடைக்கிறதா என்று ஆய்வாளர் சோதிப்பர். தான் முதலில் நேர்நின்று பின்னரே பிறவற்றை நிறுக்கும் துலாக்கோலை வள்ளுவர் சான்றோர்க்கு உவமையாக்கியது ஈண்டு நினைக்கத்தக்கது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் ஆய்வுக்கூடங்களுக்கு நாளை பணிக்குச் செல்லவிருக்கும் மாணவச் செல்வங்களே! நீங்கள் குறிக்கும் ஓர் எண்ணை நம்பி, உங்கள் முகமறியாத தாய் ஒருத்தி தன் குழந்தைக்கு உணவூட்டுவாள். சோதிக்காத எண்ணை எழுதாதீர்கள்.