சலூன் கடை போர்டும் ட்விட்டர் கோடும்

நம்ம ஊர் சலூன்லயும் டீக்கடைலயும் ஒரு போர்டு பார்த்திருப்பீங்க: "இங்கு அரசியல் பேசாதீர்". சின்ன வயசுல அதைப் பார்த்துச் சிரிச்சிருக்கேன். டீக்கடையில் அரசியல் பேசாமல் வேறு எங்கே போய்ப் பேசுவது? ஆனால் கடைக்காரர் பக்கம் நின்று பார்த்தால் கணக்கு எளிது. ரெண்டு பேர் சண்டை போட்டால் பெஞ்ச் காலியாகாது, வியாபாரம் நடக்காது, கோபித்துக்கொண்டவர் நாளையிலிருந்து எதிர்க்கடைக்குப் போய்விடுவார். சண்டை அவருக்கு நஷ்டம்.

சண்டை நடந்தால் கல்லா நிறையும் ஒரு டீக்கடையை யோசிச்சுப் பாருங்க. அங்கே அந்த போர்டு தொங்குமா? சோஷியல் மீடியாவில் உருப்படியாக அரசியல் பேச முடியுமா என்ற கேள்விக்கு நான் இந்த இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கப் போறேன்.

முதலில் ஒரு வாட்ஸ்அப் சண்டை

2022 நவம்பர் 7. பொருளாதாரத்தில் பின்தங்கிய முற்பட்ட பிரிவினருக்கான 10% இடஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 3-2 என்ற கணக்கில் தீர்ப்பு சொன்ன நாள். எங்க காலேஜ் பேட்ச் குரூப்பில் ஒரு நண்பன், "இப்பவாச்சும் எங்களுக்கு ஒரு கதவு திறந்துச்சு" என்று போட்டான். நான் உடனே, "மாசம் அறுபத்தாறாயிரம் வாங்குறவன் ஏழையாடா?" என்று போட்டேன். அந்த ஒதுக்கீட்டுக்கு வருட வருமான வரம்பு 8 லட்சம். பன்னிரண்டால் வகுத்தால் அந்தத் தொகை வரும். என் மெசேஜுக்கு வரிசையாகச் சிரிப்பு எமோஜி விழுந்தது. ராத்திரி அவன் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டான். நாலு வருஷம் ஒரே ஹாஸ்டல் ரூம்ல இருந்தவங்க நாங்க.

அன்னைக்கு நான் ஜெயிச்சதா நினைச்சேன். மீதிக் கதையைக் கடைசியில் சொல்றேன்.

"உருப்படியான பேச்சு" என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். பேசி முடித்ததும் எதிராளியின் கருத்தை நான் என் வாயால் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு அவர், "ஆமா, நான் சொல்றது இதைத்தான்" என்று சொல்ல வேண்டும். யாரும் மனம் மாற வேண்டியதில்லை.

கோட் எதை எண்ணுகிறது?

2023 மார்ச் 31 அன்று ட்விட்டர் தன் ரெக்கமண்டேஷன் கோடின் ஒரு பகுதியை கிட்ஹப்பில் வெளியிட்டது. ஃபீடில் எந்த ட்வீட் மேலே வர வேண்டும் என்பதை அது எப்படி முடிவு செய்கிறது? ஒரு ட்வீட்டை நீங்க லைக் செய்வீங்களா, ரீட்வீட் செய்வீங்களா, ரிப்ளை போடுவீங்களா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்ப்பைக் கணிக்கிறது. அதை ஒரு வெயிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுகிறது. மொத்தம் அதிகமானால் ட்வீட் மேலே வரும்.

அப்போது வெளியான வெயிட்கள்: லைக்குக்கு 0.5, ரீட்வீட்டுக்கு 1, ரிப்ளைக்கு 13.5. நீங்க போட்ட ரிப்ளையை ட்வீட் போட்டவரே மதித்து லைக்கோ பதிலோ கொடுத்தால் 75.

இதைப் பார்த்தவுடன், "லைக்கைவிட ரிப்ளைக்கு 27 மடங்கு மதிப்பு, அப்போ சண்டையைத் தூண்டத்தான் எழுதியிருக்காங்க" என்று பலர் சொன்னார்கள். எஞ்சினியராக ஒரு திருத்தம் சொல்லணும். லைக் அடிக்கடி நடக்கும், ரிப்ளை அபூர்வம். சராசரியாக எல்லாச் செயல்களும் ஸ்கோரில் ஏறத்தாழ சம பங்கு வகிக்கட்டும் என்றுதான் வெயிட்கள் முதலில் அமைக்கப்பட்டதாக அந்தக் கோடுடன் வந்த குறிப்பே சொல்கிறது. அதனால் 27 என்ற எண்ணில் பெரிய சதி எதுவும் இல்லை.

பிரச்சினை அதைவிட எளிமையானது. "அருமையா சொன்னீங்க, ஒரு சந்தேகம்" என்பதும் ஒரு ரிப்ளை. "அறிவிருக்காடா உனக்கு" என்பதும் ஒரு ரிப்ளை. இந்தக் கூட்டலில் ரெண்டுக்கும் ஒரே 13.5 தான். பிளாக், மியூட் மாதிரியான செயல்களுக்கு மைனஸ் 74, ரிப்போர்ட் செய்தால் மைனஸ் 369 என்று அபராதமும் இருந்தது உண்மை. ஆனால் சண்டையை ரசிக்கிறவர் ரிப்போர்ட் செய்ய மாட்டார். திரும்பத் திட்டத்தான் செய்வார்.

ஃபேஸ்புக்கிலும் இதே கதை. 2017 முதல் எமோஜி ரியாக்‌ஷன்களுக்கு, கோப முகம் உட்பட, லைக்கைவிட ஐந்து மடங்கு வெயிட் கொடுத்தார்கள். 2018 தொடக்கத்தில் மார்க் ஸக்கர்பெர்க், இனி ஃபீடில் "அர்த்தமுள்ள உறவாடலுக்கு" முன்னுரிமை என்று அறிவித்தார். கோபத்துக்கான வெயிட்டைப் பூஜ்யமாக்க 2020 வரை ஆனது. அர்த்தத்தை அளக்க முடியாத இடத்தில் கமெண்டையும் ரியாக்‌ஷனையும் எண்ணினார்கள். எண்ணுவது எதுவோ, அதுதான் பெருகும்.

வாட்ஸ்அப்பில் அல்காரிதம் இல்லையே?

நியாயமான கேள்வி. குரூப்பில் ரேங்கிங் கிடையாது, மெசேஜ் வந்த வரிசையில்தான் வரும். நானும் எந்த அல்காரிதமும் சொல்லி அந்த வரியை எழுதவில்லை.

ஆனால் அதை நான் அவனுக்காக எழுதவும் இல்லை. குரூப்பில் இருந்த மற்றவர்களுக்காக எழுதினேன். அவன்கிட்ட நேரா, "நீ என்னடா சொல்ல வர்ற?" என்று கேட்டிருந்தால் ஒரு எமோஜியும் விழுந்திருக்காது. பட்டிமன்ற மேடையில் நிற்பவர் எதிரணியைப் பார்த்துப் பேசுவது போலத் தெரியும், பேசுவது என்னவோ கைதட்டுபவர்களிடம்தான். எமோஜி பட்டன் நம்ம எல்லாரையும் அந்த மேடையில் ஏற்றிவிடுகிறது.

வேறு மாதிரி எண்ணினால்?

தைவானில் 2014 மாணவர் போராட்டத்துக்குப் பிறகு, தன்னார்வ புரோகிராமர்கள் சேர்ந்து விதைவான் என்ற முயற்சியைத் தொடங்கினார்கள். 2015இல் ஊபரை எப்படி ஒழுங்குபடுத்துவது என்ற விவாதத்துக்கு போலிஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் கருவியைப் பயன்படுத்தினார்கள். (காக்கிச் சட்டை போலீஸ் இல்லை!) அதில் நீங்க ஒரு சின்னக் கருத்து எழுதலாம். மற்றவர்கள் அதற்கு ஆமாம், இல்லை, பாஸ் என்று ஓட்டுப் போடலாம். ரிப்ளை பட்டன் கிடையாது.

ஓட்டுகளை வைத்து, ஒரே மாதிரி யோசிப்பவர்களைக் கருவி குழுக்களாகப் பிரித்துக் காட்டும். கூடவே, எதிரெதிர்க் குழுக்கள் ரெண்டும் ஒத்துக்கொள்ளும் கருத்துகளையும் மேலே கொண்டுவரும். இதனால் கவனம் வாங்க நினைப்பவர், எதிர்த்தரப்பும் தலையாட்டக்கூடிய ஒரு வாக்கியத்தைத் தேடி எழுத வேண்டியிருந்தது. ஊபர் ஆதரவு, எதிர்ப்பு என்று பிரிந்து நின்றவர்கள் பயணிகள் பாதுகாப்பு, காப்பீடு போன்ற விஷயங்களில் ஒன்றாக நின்றார்கள். இப்படி வரும் முடிவு அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனால் எதில் ஒத்துப்போகிறோம் என்பது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

தைவான் வரைக்கும் போக வேண்டாம். எக்ஸ் தளத்தின் கம்யூனிட்டி நோட்ஸும் இதே தத்துவம்தான். ஒரு நோட் எல்லாருக்கும் தெரிய, வெறும் பெரும்பான்மை போதாது. வழக்கமாக முரண்படுகிற ஆட்களும் "இது உதவியா இருக்கு" என்று சொல்லணும். சண்டை நடக்கும் அதே தளம், அதே மக்கள். எண்ணுவது மட்டும் வேறு.

மீதிக் கதை

எட்டு மாசம் கழிச்சு, இன்னொரு நண்பன் கல்யாணத்தில் அவனைப் பார்த்தேன். மண்டபத்துக்கு வெளியே டீக்கடையில் நாங்க ரெண்டு பேர் மட்டும். "அன்னைக்கு நான் பேசினது தப்புடா" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேசினான். அவன் அப்பா கல்யாண சமையல் வேலைக்குப் போகிறவர். முகூர்த்தம் இல்லாத மாசத்தில் வருமானமே கிடையாது. "அறுபத்தாறாயிரம்னு நீ சொன்னப்ப எல்லாரும் சிரிச்சாங்க. அந்த 8 லட்சம் வரம்பு ரொம்ப ஜாஸ்தின்னுதான் நானும் சொல்ல வந்தேன். எங்கப்பா மாதிரி ஆளோட பையன் அறுபதாயிரம் வாங்குறவர் பையனோட போட்டி போடணும்."

நான் கிண்டலாகச் சொன்னதும் அவன் வலியாகச் சொல்ல வந்ததும் ஒரே பாயிண்ட்.

என் பக்கத்தையும் சொன்னேன். கையில் அட்வான்ஸ் பணத்தை வச்சுக்கிட்டு, சாதி கேட்டவுடன் வாடகை வீடு மறுக்கப்பட்டு எங்கப்பா தெருத்தெருவாக அலைந்த கதை. இடஒதுக்கீடு வறுமை ஒழிப்புத் திட்டம் இல்லை என்று நான் நினைப்பதற்குக் காரணம் அதுதான். "இத ஏன்டா நாலு வருஷமா சொல்லல?" என்றான். தீர்ப்பு சரி என்று அவனும் தப்பு என்று நானும் இன்னைக்கும் நினைக்கிறோம். ஆனா அவன் வாதத்தை இப்ப என்னால் அவன் ஒத்துக்கொள்கிற மாதிரி சொல்ல முடியும்.

முடியுமா என்ற கேள்விக்கு என் பதில்: முடியும். ஆனால் இன்றைய ஃபீடின் கணக்கு அதற்காக எழுதப்படவில்லை. கோடை நம்மால் மாற்ற முடியாது. ரெண்டு விஷயம் செய்யலாம். கோபத்தில் போடும் ரிப்ளையும் அந்தப் பதிவுக்கு நாம் போடும் ஓட்டுதான் என்று ஞாபகம் வச்சுக்கலாம். தெரிஞ்ச ஆளோட முரண்பட்டால், எமோஜி போட ஆள் இல்லாத இடத்துக்குக் கூட்டிட்டுப் போய்ப் பேசலாம்.

சலூன் அண்ணன் போர்டில் "இங்கு" என்று எழுதியிருக்கிறார். பேசவே கூடாதுன்னு அவர் சொல்லல. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.