சங்கப்பாக்களில் சூழல்வழிப் பொருள் காணல்: ‘கடி’ என்னும் உரிச்சொல்லை முன்வைத்து

முன்னுரை

பலபொருள் குறிக்கும் சொல்லுக்குப் பாடலில் எப்பொருள் கொள்வது என்பதைச் சூழலே தெளிவிக்கிறது. எனினும், ஒரு சொல்லின் பொருள்களுள் ஒன்றைச் சூழல் தெரிந்து காட்டுவது வேறு. சூழலுக்குரிய பொருளைச் சொல்லின்மீது ஏற்றுவது வேறு. இவற்றைப் பிரித்தறியாவிடின் சொல்லடைவுகளில் பிழை நேரும். இவ்வேறுபாட்டினை ‘கடி’ என்னும் உரிச்சொல்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

தொல்காப்பிய நெறி

பலபொருள் ஒருசொல்லின் பொருளைத் தெளிதற்கு வினை, இனம், சார்பு என்னும் மூன்று துணைகளைக் கிளவியாக்கம் கூறுகிறது. ‘மா தளிர்த்தது’ எனின் வினையாலும், ‘மாவும் பலாவும் வளர்ந்தன’ எனின் இனத்தாலும் ‘மா’ மரமாகிறது. தேர் பூட்ட நிற்கும் பாகன் ‘மா கொணர்க’ எனின் சார்பால் குதிரையாகிறது. உரிச்சொற்களின் பொருளை முன்னும் பின்னும் வரும் சொற்களை ஆராய்ந்து உணர்த்த வேண்டும் என்பது உரியியலின் நெறி.

இரு பாடல்களில் ‘கடி’

புறநானூற்றின் 36ஆம் பாடல், கருவூரை முற்றியிருந்த கிள்ளிவளவனை ஆலத்தூர் கிழார் பாடியது. அதில் ‘கடிமரம்’, ‘கடிமனை’ என இச்சொல் இருமுறை வருகிறது. மரத்தை வெட்டும் வினை, உடன்வரும் மதில், முற்றுகையாகிய சார்பு ஆகிய மூன்றும் காவற்பொருளையே காட்டுகின்றன. காப்பு, ‘கடி’க்குத் தொல்காப்பியர் கூறிய பொருள்களுள் ஒன்று. ஈண்டுச் சூழல் அதனைத் தெரிந்து காட்டியதேயன்றிப் புதிதாக எதனையும் சேர்க்கவில்லை.

அகநானூற்றின் 136ஆம் பாடலில் தலைவன் தன் மணநாளை நினைந்து நெஞ்சொடு கூறுகிறான். அதில் ‘கடிநகர்’ என்னும் தொடர் இடம்பெறுகிறது. ‘நகர்’ இங்கு இல்லத்தைக் குறித்தலின், இது ‘கடிமனை’யோடு அமைப்பால் ஒத்தது. ஆயின் உடன் வருவன, திங்கள் உரோகிணியைக் கூடிய நன்னாளும் மணமுழவும் ஆகும். எனவே ‘மணமனை’ எனப் பொருள் கொள்வது இயல்பு.

சொற்பொருளா, சூழற்பொருளா?

தொல்காப்பியர் ‘கடி’க்கு ஒரு நூற்பாவில் 10 பொருள்களையும் அடுத்ததில் 2 பொருள்களையும் கூறுகிறார். அவற்றுள் ‘மன்றல்’ இல்லை. நன்னூல் கூறும் 13 பொருள்களில் அது இடம்பெறுகிறது. தொல்காப்பியம் கூறும் ‘வரைவு’ மணத்தைக் குறிக்காதோ எனின், அச்சொல்லும் நீக்கம், மணம் என இருபொருள் பயப்பதே. நன்னூலார் வரைவையும் மன்றலையும் தனித்தனியே எண்ணுதலின், அவர் கருத்தில் இவை வேறு வேறு பொருளன என்பது பெறப்படும்.

ஆகவே, ‘கடிநகர்’ என்பதில் ‘கடி’ காப்பையோ புதுமையையோ சிறப்பையோ குறிக்க, மணப்பொருளைப் பிற சொற்கள் தந்திருத்தல் கூடும். அத்தகைய ஆட்சி பயின்று வந்தமையால் மணப்பொருள் பின்னர்ச் சொல்லிலேயே நிலைபெற்றது எனக் கருத இடமுண்டு. மணச்சூழல் இல்லாத சங்கப் பாடலொன்றில் ‘கடி’ மணத்தை உணர்த்துமாயின் இக்கருதுகோளைக் கைவிடுதல் வேண்டும்.

முடிவுரை

‘கடிநகர்’ என்பதற்கு ‘மணமனை’ என உரை கூறுவது தவறன்று. அது தொடரின் பொருள். ஆனால் அதனைக் கொண்டு, சங்ககாலச் சொல்லடைவில் ‘கடி’ என்பதற்கு ‘மணம்’ எனப் பதிவதற்குக் கூடுதல் சான்று தேவை. சூழற்பொருளையும் சொற்பொருளையும் தனித்தனியே குறிக்கும் சொல்லடைவே, ஒரு சொல்லின் பொருள் வளர்ந்த வரலாற்றைக் காணத் துணைபுரியும்.