உங்களுக்குத் தெரியுமா? தைராய்டும் செலினியமும்
தாது மிகுந்தால் என்ன ஆகும் என்று தருமபுரிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரின் ஃப்ளூரைடு பல்லில் கறை படியவைத்தது, எலும்பையும் பாதித்தது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே அதற்காகத்தான்.

செலினியம் என்ற தாதுவும் அப்படித்தான்: அளவோடு இருந்தால் தேவை, மிகுந்தால் நச்சு. எடைக்கு எடை பார்த்தால் உடலில் அது மிகுதியாக இருப்பது தைராய்டு சுரப்பியில். தைராய்டின் டி4 ஹார்மோனை டி3 ஆக மாற்றும் நொதிகளுக்கு அது கட்டாயம் தேவை. உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்கும் நோயை 1912-இல் 4 பெண்களிடம் கண்டு எழுதியவர் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ. அந்த நோயில் செலினியம் மாத்திரை, ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள் அளவைச் சில ஆய்வுகளில் குறைத்திருக்கிறது. ஆனால் நோயாளியின் நலம் அதனால் கூடுகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. தைராய்டு குறைவுக்குத் தரும் தைராக்சின் மாத்திரையை நிறுத்திவிட்டுச் செலினியத்தை விழுங்குவது பெரும் தவறு.

நாளொன்றுக்குத் தேவை 40 முதல் 55 மைக்ரோகிராம்தான். நாள்தோறும் 400-ஐத் தாண்டினால் முடி கொட்டலாம், நகம் உடையலாம். பஞ்சாபின் நவன்ஷஹர், ஹோஷியார்பூர் பகுதிகளில் மண்ணிலேயே செலினியம் மிகுந்து, அங்கு விளைந்த தீவனம் தின்ற மாடுகளின் குளம்புகள் கழன்றிருக்கின்றன. முடி கொட்டுவது தைராய்டு குறைவின் அறிகுறியும்கூட. அதனால் செலினியம் மாத்திரையின் நச்சை நோயின் தொடர்ச்சி என்றே எண்ணிவிடும் ஆபத்தும் உண்டு.