முப்பது ஆண்டுக் கணக்கும் ஆரணியாற்று மணலும்

சென்னையிலிருந்து வடக்கே போகும் ஜி.என்.டி. சாலையில் புதுவாயல் கூட்டுச்சாலையில் இறங்கி, பெரியபாளையம் போகும் பேருந்தைப் பிடித்தால் வழியில் வருவது ஆரணி. பட்டுக்குப் பேர்போன ஆரணி திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. இது திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டத்து ஆரணி. ஊருக்கும் ஆற்றுக்கும் ஒரே பெயர். சித்திரை, வைகாசியில் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தால் மணலும் கோரையும்தான் கண்ணில் படும். ஐப்பசி, கார்த்திகையில் ஆந்திரத்துப் பிச்சாட்டூர் அணை நிரம்பித் திறந்துவிட்டால் அதே ஆறு இரு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடும். 2015லும் 2021லும் பொன்னேரி வட்டத்து ஊர்களுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது.

இந்த ஆற்றைச் சுற்றி இன்று கோடுகள் நெருங்கி வருகின்றன. சித்தூரிலிருந்து தச்சூர் வரை சுமார் 116 கிலோமீட்டருக்கு ஆறுவழிச் சாலை. எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் அருகே பூஞ்சேரி வரை சுமார் 133 கிலோமீட்டருக்குச் சென்னை எல்லைச் சாலை. அதுவும் தச்சூரைத் தொட்டுத்தான் போகிறது. வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை, மேற்கே தேர்வாய் கண்டிகை சிப்காட், அடுத்து மாநெல்லூர். வயலில் கல் நட்ட மறுநாளே கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்தில் கூட்டம் கூடிவிடும். எல்லார் வாயிலும் ஒரே கேள்வி: “நம்ம சர்வே நம்பர் இருக்குதா?”

இந்தக் கோட்டை முதலில் போட்டவர் யார் என்ற கேள்வி அந்த வரிசையில் எழுவதே இல்லை. அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

நீண்டகாலக் கட்டமைப்பைப் பற்றி யோசிப்பதற்கென்றே அரசிடம் சில அமைப்புகள் உண்டு. தமிழ்நாட்டில் 1971ல் தொடங்கப்பட்ட மாநிலத் திட்டக் குழுவுக்கு முதலமைச்சர்தான் தலைவர். இடையில் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழு என்ற பெயரிலும் அது இயங்கியது. டெல்லியில் 1950ல் பிறந்த திட்டக் கமிஷனின் இடத்தில் 2015 முதல் நிதி ஆயோக் இருக்கிறது. இவை ஆய்வு செய்யும், அறிக்கை தரும், துறைகளை உட்காரவைத்துப் பேசும். ஒரு பள்ளம் தோண்டக்கூட இவற்றிடம் அதிகாரம் கிடையாது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் முழுமைத் திட்டத்துக்குச் சட்ட பலம் உண்டு. எந்த நிலம் எந்தப் பயன்பாட்டுக்கு என்று அது சொன்னால் சொன்னதுதான். ஆனாலும் குழாய் பதிப்பது குடிநீர் வாரியம், சாலை போடுவது நெடுஞ்சாலைத் துறை, தொழிற்பேட்டை அமைப்பது சிப்காட். யோசிப்பவர் ஒருவர், செய்பவர் வேறொருவர். இந்த இடைவெளியில்தான் ஆரணிப் பக்கத்தின் அறுபது ஆண்டுக் கதை நடந்திருக்கிறது.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்பதை ஒரு சின்ன ஊரை வைத்துப் பார்க்கலாம். இருபதாயிரம் பேர் உள்ள ஊர் என்று வைத்துக்கொள்வோம். கிராமம் என்றால் ஜல் ஜீவன் திட்ட அளவுப்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். மொத்தம் 11 லட்சம் லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரம் என்று கணக்கிட்டால் ஆளுக்கு 135 லிட்டர். மொத்தம் 27 லட்சம். ஒரு குழந்தைகூடக் கூடுதலாகப் பிறக்கவில்லை. காகிதத்தில் ஊர் நகரமானதுமே தண்ணீர்த் தேவை இரண்டரை மடங்கு ஆகிவிடுகிறது. அதில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பி வரும். அதைச் சுத்திகரிக்க நிலம் வேண்டும், மின்சாரம் வேண்டும். தொழிற்சாலைத் தேவை தனிக் கணக்கு.

அடுத்து ஆயுள். அணை என்றால் 50 ஆண்டுத் தேவையை மனத்தில் வைத்துக் கட்டுவார்கள். பிரதானக் குழாய்க்கு 30 ஆண்டு, பம்புக்கு 15 ஆண்டு. இன்று பதிக்கும் குழாயின் விட்டத்தை முடிவு செய்ய, 30 ஆண்டு கழித்து இங்கே எத்தனை பேர் இருப்பார்கள் என்று யாராவது சொல்லியாக வேண்டும். அதைச் சொல்வதுதான் திட்டமிடுபவரின் வேலை. கூட்டிச் சொன்னால் பணம் மண்ணுக்குள் போகும். குறைத்துச் சொன்னால் பத்தே ஆண்டில் லாரித் தண்ணீர்தான் கதி.

ஆரணியாறும் கொசஸ்தலையாறும் சேர்ந்த படுகையில் இந்த வேலையை ஒருமுறை மிக நன்றாகச் செய்தார்கள். 1966 முதல் 1969 வரை ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு அரசு இங்கே நிலத்தடி நீரை ஆராய்ந்தது. ஒரு காலத்தில் பாலாறு இந்த வழியாகத்தான் கடலுக்குப் போனது என்று புவியியலாளர்கள் சொல்வார்கள். அந்தப் பழைய ஆற்றின் மணல் படிவுகள் பூமிக்கடியில் தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தன. துளையிட்டு, இறைத்துப் பார்த்து, அளந்து, மூன்று இடங்களைக் குறித்துக் கொடுத்தார்கள்: மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம். அவை சென்னைக்கு நீர் இறைக்கும் கிணற்று வயல்கள் ஆயின. 1980களில் பூண்டி, கன்னிகைப்பேர், கொசஸ்தலையாற்று வெள்ளச் சமவெளி ஆகியவையும் சேர்ந்துகொண்டன. வடசென்னையின் தொழிற்சாலைகளும் நகரத்துக் குழாயடிகளும் இந்த மண்ணின் தண்ணீரில் ஓடின. ஆரணியைச் சுற்றி நெல்லும் வேர்க்கடலையும் காய்கறியும் விளைந்ததும் அதே தண்ணீரில்தான்.

இப்படிப்பட்ட ஆய்வில் இரண்டு பகுதி உண்டு. எங்கே தண்ணீர் இருக்கிறது என்பது ஒன்று. எவ்வளவுக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது இன்னொன்று. முதல் பகுதி உடனே நடைமுறைக்கு வந்தது. இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு நிற்க ஓர் ஆள் இல்லை. நகரம் எடுத்தது, ஆலைகள் எடுத்தன, மின்மோட்டார் வந்ததும் விவசாயிகளும் எடுத்தார்கள். மழை திருப்பிக் கொடுத்ததைவிட எடுத்தது அதிகமானபோது, கடல் நிலத்துக்கடியில் உள்ளே நகர ஆரம்பித்தது. மீஞ்சூர்ப் பக்கத்தில் உப்பு பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. நேற்றுவரை குடித்த கிணற்றுத் தண்ணீர் இன்று கரிக்கிறது என்றால், அந்த வீட்டுப் பெண் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கும் தூரம் அன்றைக்கே கூடிவிடுகிறது. பயிருக்குப் பாய்ச்சினால் நுனி கருகும். ஒருமுறை உப்பேறிய மணலைக் கழுவி எடுக்கப் பல பருவமழை வேண்டும்.

1987ல் சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் முறைப்படுத்தும் சட்டம் வந்தது. ஆறுகளின் குறுக்கே தடுப்பணைகள் வந்தன. அதன் பிறகும் வறட்சி ஆண்டுகளில் குடிநீர் வாரியம் இந்தப் பகுதி விவசாயிகளின் கிணறுகளிலிருந்தே தண்ணீரை விலைக்கு வாங்கியது. நெல் போடுவதைவிடத் தண்ணீர் விற்பது லாபம் என்று ஒரு விவசாயி முடிவெடுத்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. குறை அந்த இரண்டாம் பகுதியைக் கைவிட்ட நிர்வாகத்துடையது.

கிருஷ்ணா நீரின் கதையும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆரணியாற்றின் மேல்பக்கம், ஊத்துக்கோட்டை அருகே, கண்டலேறு–பூண்டி கால்வாய் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. 1976ல் கிருஷ்ணா பாயும் மூன்று மாநிலங்கள் சென்னைக்காகத் தங்கள் பங்கிலிருந்து தலா 5 டி.எம்.சி. தரச் சம்மதித்தன. ஆவியாவது போக 12 டி.எம்.சி. சென்னைக்கு என்று 1983ல் ஆந்திரத்தோடு ஒப்பந்தம் ஆனது. முதல் தண்ணீர் பூண்டிக்கு வந்து சேர்ந்தது 1996ல். பேச்சுக்கும் தண்ணீருக்கும் இடையே இருபது ஆண்டு. அந்த 12 டி.எம்.சி. முழுதாக ஒரு வருடம்கூட வந்ததில்லை. 2020 நவம்பரில் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம், அந்தத் தண்ணீரில் அரை டி.எம்.சி.யைத் தேக்கிக்கொள்ளக் கட்டப்பட்டது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2014 ஜூலை பட்ஜெட் உரையில் அன்றைய மத்திய நிதியமைச்சர் அருண் ஜேட்லி மூன்று ஊர்களின் பெயரை வாசித்தார்: தமிழ்நாட்டில் பொன்னேரி, ஆந்திரத்தில் கிருஷ்ணபட்டினம், கர்நாடகத்தில் தும்கூர். சென்னை–பெங்களூரு தொழில் வழித்தடத்தில் மூன்று புதிய நகரங்கள். திட்டத்தை வரைந்தது ஜப்பான் அரசின் ஜைக்கா நிறுவனம். பொன்னேரிக்கு மட்டும் சுமார் 22,000 ஏக்கர். மூன்றிலும் பெரியது அதுதான். 2020 டிசம்பர் 30 அன்று மத்திய அமைச்சரவை கிருஷ்ணபட்டினத்துக்கும் தும்கூருக்கும் பணம் ஒதுக்கியது. பொன்னேரி அந்தப் பட்டியலில் இல்லை. இந்த ஏற்பாட்டில் மாநில அரசு நிலத்தைக் கொடுக்க வேண்டும், மத்திய அரசு அதற்கு ஈடான மூலதனத்தைப் போடும். நிலம் கைக்கு வராமல் எத்தனை அழகான வரைபடமும் நகராது.

வரைபடம் நகராவிட்டாலும் நிலத்தின் விலை நகர்ந்துவிடுகிறது. ‘ஸ்மார்ட் சிட்டி வரப்போகிறது’ என்று பலகை வைத்து மனை விற்றதைப் பொன்னேரி வட்டாரமே பார்த்தது. நஞ்சை தரிசாகக் கிடக்கும். மனைக்கற்கள் வெயிலில் வெளுக்கும். முன்னோர் காலத்து ஏரிப் பாசன வாய்க்கால் மண்மேடாகும். ஆலோசனை அறிக்கை ஒன்று வெறும் அறிக்கையாகவே நின்றாலும் நிலத்தின் மேல் இவ்வளவு வேலை செய்துவிடும்.

இந்த இடத்தில் சட்டமும் மக்களை இரண்டு விதமாக நடத்துகிறது. நகர ஊரமைப்புச் சட்டப்படி முழுமைத் திட்டத்தின் வரைவை வெளியிட்டு, ஆட்சேபம் சொல்லக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். சிப்காட்டுக்கு நிலம் எடுப்பது 1997ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின்படி. 2013ஆம் ஆண்டின் மத்திய நில எடுப்புச் சட்டம் கட்டாயமாக்கிய சமூகத் தாக்க மதிப்பீடு அங்கே இல்லை. சித்தூர்–தச்சூர் சாலைக்கு எதிராக ஊத்துக்கோட்டைப் பக்கத்து விவசாயிகள் முப்போகம் விளையும் நிலம் என்று சொல்லித் தெருவுக்கு வந்தார்கள். கோடு போடும் முன்பே அந்தச் சொல்லைக் கேட்க ஒரு மேசை இருந்திருக்க வேண்டும்.

பிரிட்டனில் 2015ல் தேசியக் கட்டமைப்பு ஆணையம் ஒன்றை அமைத்தார்கள். 2025 வரை அது இயங்கியது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை, அடுத்த 30 ஆண்டுக்கு நாட்டுக்கு என்ன தேவை என்று அது மதிப்பிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் மதிப்பீடு 2018ல் வந்தது. அதற்கும் கட்டும் அதிகாரம் இருக்கவில்லை. ஆனால் பரிந்துரை ஒவ்வொன்றுக்கும் அரசு வெளிப்படையாக எழுத்தில் பதில் தர வேண்டும் என்பது ஏற்பாடாக இருந்தது. ஏற்கிறோம், ஏற்கவில்லை, காரணம் இது. 1969ல் நம்மிடம் அப்படி ஒரு பழக்கம் இருந்திருந்தால், எவ்வளவுக்கு மேல் எடுக்கக்கூடாது என்ற வரிக்கு அரசின் பதில் கோப்பில் இருந்திருக்கும். மீஞ்சூர்க்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டிருப்பார்.

எல்லாமே வீண் போனது என்று நான் சொல்ல மாட்டேன். காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் திறனோடு இருக்கிறது. கொடுங்கையூரில் சென்னையின் கழிவுநீரை மூன்றாம் கட்டம் வரை சுத்திகரித்து மணலி, மீஞ்சூர் ஆலைகளுக்கு 2019 முதல் அனுப்புகிறார்கள்; அதன் திறன் 4.5 கோடி லிட்டர். ஆலை குடிக்கும் ஒவ்வொரு லிட்டர் கழிவுநீருக்கும் ஆற்றுப்படுகையில் ஒரு லிட்டர் மிச்சம். கும்மிடிப்பூண்டிக்கும் மாநெல்லூருக்கும் முதலில் யோசிக்க வேண்டிய வழி இதுதான் என்பது என் கருத்து.

சி.எம்.டி.ஏ.வின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008ல் வந்தது. 2026 வரை அதற்கு ஆயுள். 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது திட்டத்துக்கான வேலை நடந்து வருகிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகர எல்லையை 2022 அக்டோபரில் அரசு 5,904 ஆக விரித்தது. மீஞ்சூருக்குப் புதுநகர் வளர்ச்சித் திட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. உப்பேறிய அதே மீஞ்சூர். ஆனால் ஆரணியாற்று அணை இருக்கும் பிச்சாட்டூர் எந்த எல்லைக்குள்ளும் வராது, அது ஆந்திரம். வெள்ளம் மட்டும் இங்கே வரும்.

ஆகவே வரப்போகும் வரைவுகள் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு தாள் கூடுதலாக வேண்டும் என்று கேட்கிறேன். இந்தத் திட்டத்துக்கு ஆரணியாற்றுப் படுகையிலிருந்து எவ்வளவு தண்ணீர் எடுக்கப்படும், மழை எவ்வளவு திருப்பிச் சேர்க்கும், எந்த அளவைத் தாண்டினால் பம்பை நிறுத்துவது, நிறுத்தும் பொறுப்பு எந்த அதிகாரியுடையது. தமிழில், சர்வே எண்களோடு. அதை ஆரணி பேரூராட்சி அலுவலகப் பலகையிலும் ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலர் அலுவலகச் சுவரிலும் ஒட்ட வேண்டும். ஆட்சேபத்துக்கான இரண்டு மாதத்தை அந்தத் தாள் ஒட்டிய நாளிலிருந்து எண்ணட்டும்.