அகப்பக்கத்தில் தோட்டப் பெயரைச் சேர்க்க முடியவில்லையா? அனுமதிச் சிக்கலைத் தீர்க்கும் வழிகள்

ஈப்போ: பேராக்கில் பல ரப்பர் தோட்டங்கள் இன்று செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. பழைய தோட்டங்களின் படங்களையும் நினைவுகளையும் அகப்பக்கத்தில் தொகுக்க விரும்பும் சங்கங்களுக்கு வேர்ட்பிரஸ் மென்பொருள் கைகொடுக்கும். பதிவுகளைத் தோட்டம் வாரியாகப் பிரிக்க, அதில் ‘தோட்டம்’ என்ற தனி வகைப்பாட்டை உருவாக்கலாம்.

ஆனால், பதிவு எழுதும் தொண்டூழியருக்கு அந்தப் பட்டியல் தெரியாமல் போவதும், புதிய பெயரைச் சேர்க்க முடியாமல் போவதும் உண்டு. உடனே அனைவரையும் நிர்வாகி ஆக்குவது ஆபத்து. ஒரு நிர்வாகியின் கடவுச்சொல் களவு போனாலே எல்லாப் பதிவுகளும் படங்களும் அழிக்கப்படலாம்.

ஒவ்வொரு வகைப்பாட்டுக்கும் 4 அனுமதிகள் உண்டு: நிர்வகித்தல், திருத்துதல், நீக்குதல், பதிவில் பொருத்துதல். தனியாக எதுவும் குறிப்பிடாவிட்டால், முதல் மூன்றும் நிர்வாகிக்கும் பதிப்பாசிரியருக்கும் மட்டுமே கிடைக்கும். எழுத்தாளரும் பங்களிப்பாளரும் இருக்கும் பெயரைப் பதிவில் பொருத்தலாம்; கிளைகளாகப் பிரியும் வகைப்பாட்டில் புதுப்பெயர் சேர்க்க முடியாது.

இதில் நன்மையும் உண்டு. சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றை ஒருவர் ‘எல்பில்’ என்றும் மற்றொருவர் ‘எல்ஃபில்’ என்றும் சேர்த்தால், ஒரே தோட்டத்தின் வரலாறு இரண்டாகப் பிரிந்துவிடும்.

சிக்கல் எங்கே என்பதை இப்படிக் கண்டறியலாம்:

1. பதிவு எழுதும் பக்கத்தில் யாருக்குமே பட்டியல் தெரியவில்லையா? அது அனுமதிச் சிக்கலாக இல்லாமல் இருக்கலாம். வகைப்பாடு அந்தப் பதிவு வகையோடு இணைக்கப்பட்டுள்ளதா, ‘ஷோ இன் ரெஸ்ட்’ அமைப்பு இயக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். இந்த அமைப்பு இல்லாவிட்டால் புதிய பிளாக் எடிட்டரில் பட்டியல் தோன்றாது.

2. நிர்வாகிக்கே பட்டியை நிர்வகிக்க முடியவில்லையா? வகைப்பாட்டுக்குப் புதிய பெயரில் அனுமதி வைத்திருந்தால், அது நிர்வாகிக்குத் தானாக வந்து சேராது. ‘ஆட் கேப்’ கட்டளை மூலம் வழங்க வேண்டும். இது தரவுத்தளத்தில் பதிவாவதால் ஒருமுறை இயக்கினால் போதும். பின்னர் அந்த வரியை நீக்கினாலும் அனுமதி நீங்காது; ‘ரிமூவ் கேப்’ கட்டளை தேவை.

3. எழுத்தாளருக்கு மட்டும் புதுப்பெயர் சேர்க்க இயலவில்லையா? மென்பொருள் சரியாகவே இயங்குகிறது. தோட்டப் பெயர்களை நன்கு அறிந்த ஓரிருவருக்குப் பதிப்பாசிரியர் பொறுப்பு கொடுத்தால் போதும்.

மாற்றம் செய்யும் முன் தரவுத்தளத்தை நகலெடுத்துக்கொள்ளுங்கள். செய்த பின், எழுத்தாளர் கணக்கில் நுழைந்து சோதியுங்கள். நிர்வாகி கணக்கில் மட்டும் பார்த்தால் குறை தெரியாது.