வெள்ளைச் சுவருக்குள் பல தேசங்கள்

கொழும்பில், 33ஆம் ஒழுங்கையின் கோடியில் 11ஆம் எண் வீடு இருக்கிறது. இலங்கையின் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919–2003) வாழ்ந்த வீடு அது. வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளில் ஒன்றில் 1950களின் இறுதியில் குடிபுகுந்தவர், பத்தாண்டுகளுக்குள் மற்ற மூன்றையும் வாங்கிச் சேர்த்து ஒரே வீடாக்கிவிட்டார். உள்ளே செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த தூண்கள் நிற்கின்றன; ஃபின்லாந்தில் பிறந்த அமெரிக்க வடிவமைப்பாளர் ஈரோ சாரினெனின் ஒற்றைக்கால் நாற்காலிகள் சாப்பாட்டு மேசையைச் சுற்றியிருக்கின்றன; ஆஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் ஃபிரெண்ட் தீட்டிய கதவுகளும் உண்டு. இத்தனையும் சேர்ந்தால் பழைய சாமான் கடை போலத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. சுவரும் வெள்ளை, தரையும் வெள்ளை என்பதுதான் காரணம். பல நாட்டுப் பொருட்களால் ஹாலை அலங்கரிக்க விரும்புகிறவர்கள் முதலில் பொருட்களைத் தேடிப் போகிறார்கள். முதலில் தீர்மானிக்க வேண்டியது அவற்றைத் தாங்கப்போகும் நிறத்தை.

ஒரு நாட்டுப் பொருளும் இன்னொரு நாட்டுப் பொருளும் பெரும்பாலும் சாயத்தில்தான் சண்டை போடுகின்றன. சாயம் ஏறாத, அல்லது மண்ணின் நிறமே ஏறிய பொருட்களுக்குள் அந்தச் சண்டை இல்லை. மொராக்கோவின் மத்திய அட்லஸ் மலைகளில் பெனி ஊராயின் பழங்குடிப் பெண்கள் நெய்யும் கம்பளத்தைப் பாருங்கள். ஆட்டு ரோமத்தின் இயல்பான தந்த வெள்ளைதான் தளம். அதன்மேல் கறுப்பு அல்லது அடர்பழுப்பு ரோமத்தால் சாய்சதுரக் கோடுகள். மலைக்குளிரில் விரித்துப் படுக்கவும் போர்த்திக்கொள்ளவும் செய்ததால் புதர் போல அடர்ந்த இழை. மாலி நாட்டு பம்பாரா மக்களின் போகோலான் துணிக்குச் சேறுதான் மை. பருத்தித் துணியை இலைக் கஷாயத்தில் நனைத்து மஞ்சளாக்கி, பானையில் நெடுநாள் புளிக்கவைத்த சேற்றால் அதன்மேல் வரைவார்கள். சேற்றிலுள்ள இரும்பு, இலையின் துவர்ப்புச் சத்தோடு கலந்து துணியிலேயே கறுப்பாகப் பிடித்துக்கொள்ளும். இந்த இரண்டோடு நம் ஊர்க் காடாத் துணியையும், சாயமிடாத கோரைப்பாயையும், பிரம்பு மோடாவையும் சேர்த்து வையுங்கள். வெள்ளையில் தொடங்கி மணல், வைக்கோல், காபிக்கொட்டை, கரி என்று ஒரே வரிசையில் அவை தாமாகவே அமர்ந்துவிடும். அறை அலங்காரக்காரர்கள் சொல்லும் அடங்கிய நிறங்கள், சாயத்துக்கு முன்பு எல்லா நாடுகளுக்கும் பொதுவாக இருந்த நிறங்கள்தான்.

இப்படி அமைத்தால் அறை ஆஸ்பத்திரி போல வெளிறிக் கிடக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. கிடக்கும், எல்லாப் பரப்பும் வழவழப்பாக இருந்தால். பளபளக்கும் டைல்ஸ், பளபளக்கும் பெயிண்ட், ரெக்சின் சோபா எல்லாமே வெளிர்பழுப்பு என்றால் கண்ணுக்குப் பிடிமானமே இல்லை. நிறம் விட்டுக்கொடுத்த இடத்தைச் சொரசொரப்பு பிடித்துக்கொள்ள வேண்டும்: முடிச்சு தெரியும் நெசவு, ரேகை ஓடும் மரம், மெருகேற்றாத மண்பாண்டம். இவற்றின் மேடு பள்ளம் தெரிய வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். ஜப்பானிய எழுத்தாளர் ஜூனிசிரோ தனிசாகி 1933இல் வெளிவரத் தொடங்கிய ‘நிழல்களின் புகழ்ச்சி’ கட்டுரை முழுக்க இந்தச் சங்கதிதான்: அலங்காரமே இல்லாத ஜப்பானிய அறைக்கு நிழலே அழகு என்பது அவர் வாதம். நம் வீடுகளிலோ கூரையை ஒட்டி ஒரு டியூப்லைட். அதுவும் பெரும்பாலும் 6500 கெல்வின் கொண்ட நீலம் பாய்ந்த வெள்ளை. அதன் கீழே மணல் நிறச் சுவர் சோகை பிடித்தது போலத் தெரியும். பழியைப் பெயிண்ட் மேல் போடுகிறோம். 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான ‘வார்ம் ஒயிட்’ பல்புகளை இடுப்புயரத்தில், மூலைக்கு ஒன்றாக வைத்தால் அதே சுவர் வேறு சுவராகிவிடும். வெள்ளையிலும் மஞ்சள் கலந்தது, சாம்பல் கலந்தது, இளஞ்சிவப்பு ஓடுவது எனப் பல வகை உண்டு. ஷேடு கார்டின் கட்டைவிரல் அளவுத் துண்டு எதையும் காட்டிக்கொடுக்காது. சுவரிலேயே இரண்டடிக்கு அடித்து, காலையிலும் விளக்கு போட்ட பிறகும் பார்த்து முடிவெடுப்பதே உத்தமம்.

குழந்தைகளும் தெருப்புழுதியும் உள்ள வீட்டுக்கு இது ஒத்துவருமா என்பது நியாயமான கேள்வி. தூய வெள்ளை சோபா ஒத்துவராது. தவிட்டு நிறத்தில் கழற்றித் துவைக்கும் உறை போட்டால் தாக்குப்பிடிக்கும். சொல்லப்போனால் புழுதியை அடர்நீலத்தைவிட மணல் நிறம் நன்றாகவே மறைக்கும். அடர்ந்த கம்பளியை மட்டும் சென்னை வெக்கையில் வாங்குவதற்கு முன் யோசியுங்கள். அந்த இடத்தைக் கோரைப்பாய் தாராளமாக எடுத்துக்கொள்ளும்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பிறர் பண்பாட்டை மெத்தை உறையாக்கிக்கொள்வது சரியா? பம்பாரா வேட்டைக்காரர்கள் காப்பாக அணிந்த துணி இன்று ஆலையில் அச்சடிக்கப்பட்டுத் தலையணை உறையாக விற்கிறது. சேறும் இல்லை, வரைந்த கையும் இல்லை. இந்த ஆட்சேபத்தில் பாதியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அதற்குப் பதில் வெளிநாட்டுப் பொருளை ஒதுக்குவதல்ல, நகலை ஒதுக்குவது. பத்து நகல் வாங்கும் காசில் கையால் செய்த ஒன்றை, செய்தவருக்குப் பணம் போய்ச்சேரும் வழியில் வாங்கலாம். அடங்கிய நிறத்து அறை இதற்கு உதவியாகவே இருக்கிறது. அங்கே ஒரே ஒரு நல்ல பொருளே போதும்.

‘நம் கண் வண்ணத்துக்குப் பழகியது, இதெல்லாம் மேல்நாட்டு மோகம்’ என்பவர்கள் காரைக்குடிப் பக்கம் போய்ப் பார்க்கலாம். பர்மா தேக்கும் இத்தாலிப் பளிங்கும் கப்பலேறி வந்து சேர்ந்த அங்குள்ள செட்டிநாட்டு வீடுகளில், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகிய சுண்ணாம்புச் சுவர் பாலாடை போல வெண்மையாக இருக்கும். சிவப்பும் பச்சையும் மஞ்சளும் காலடியில் ஆத்தங்குடிக் கல்லிலும், கதவுக்கு மேலே வண்ணக் கண்ணாடியிலும் விளையாடும். வீட்டில் ஏற்கெனவே அடர்சிவப்பில் பவானி ஜமக்காளம் இருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. சுவரையும் சோபாவையும் அடக்கிவிட்டு, அதைத் தரையில் விரிக்கலாம். இரண்டாவது ஜமக்காளத்தை மட்டும் அலமாரியிலேயே வையுங்கள்.