வலிக்கும் முழங்காலுக்கு ஓய்வா, உழைப்பா?

திருவண்ணாமலையில் வாழ்வோர்க்கு நெடுநடையைப் பற்றி எடுத்துரைக்கத் தேவையில்லை. மலையைச் சுற்றியுள்ள பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். முழுநிலவு இரவுகளில் மக்கள் பெருந்திரளாய், வெறுங்காலுடன், கெட்டியான சாலையில் அதனை வலம் வருகின்றனர். நம் கத்தோலிக்கக் குடும்பத்தாரும் ஆகஸ்டுத் திங்களில் வேளாங்கண்ணி நோக்கிப் பல நாள் நடக்கின்றனர். நோக்கம் வேறாயினும் முழங்காலுக்கு இரண்டும் ஒன்றே.

சிறிது கணக்கிட்டுப் பாருங்கள். பதினான்கு கிலோமீட்டருக்குச் சுமார் 20,000 அடிகள் வைக்க வேண்டும். சமதரையில் நடக்கும்போதே ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்குச் சுமை முழங்காலில் இறங்குகிறது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவரின் மூட்டு, அடிதோறும் 120 முதல் 180 கிலோ வரை தாங்குகிறது என்பது பொருள். நாள்தோறும் நடப்பவரின் தசைகள் இச்சுமையைப் பகிர்ந்துகொள்ளும். மற்ற நாள்களில் கடைத்தெருவுக்குக்கூட ஆட்டோவில் செல்பவர், ஒரே இரவில் இதனைச் செய்துவிட்டு முழங்காலைக் குறைகூறுவது நியாயமன்று!

வலி வந்தபின் நேர்வதே என்னை வருத்துகிறது. “இனி அம்மா எங்கும் நடக்க வேண்டாம்” என்று பிள்ளைகள் அன்போடு தடை விதிக்கிறார்கள். அம்மாவும் கட்டிலோடு அடங்கிவிடுகிறார். சில வாரங்களிலேயே தொடையின் முன்புறப் பெருந்தசை மெலிந்துவிடும். மூட்டைத் தாங்கிப் பிடிப்பது அத்தசையே. அது மெலிந்தால் வலி மிகும். வலி மிகுந்தால் நடை குறையும். இறுதியில் திருப்பலிக்கும் வர இயலாமல், வீடு சந்தித்து நற்கருணை வழங்க வேண்டிய நிலை. இவ்வாறு முடங்கியவர் பலரை நான் கண்டிருக்கிறேன். அவருள் சிலருக்கேனும் இம்முடக்கம் தவிர்க்கத்தக்கதாய் இருந்தது.

முழு ஓய்வே மருந்து என்ற எண்ணத்துக்கு மருத்துவர்களும் ஓரளவு காரணரே. 1978-இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கின், காயமுற்ற உறுப்புக்கு ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயர்த்தி வைத்தல் என நான்கு முறைகளைக் கூறினார். உலகமே அதனைப் பின்பற்றியது. 2014-இல் அவரே, பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமடைதலைத் தாமதிக்கச் செய்யலாம் என்று தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். வலி கடுமையாயுள்ள முதல் ஓரிரு நாள் நடையைக் குறைத்துக்கொள்வது சரியே. வலி தணிய ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைப்பதிலும் தவறில்லை. அதன்பின் மெல்ல நடக்கத் தொடங்கவேண்டும். நடந்தபின் தோன்றும் சிறு வலி மறுநாளுக்குள் தணிந்தால் அவ்வளவு நடை தகும். தணியாவிடில் தூரத்தைக் குறைத்துக்கொள்க.

நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து விநாடி நிறுத்தி இறக்குக. காலுக்குப் பத்து முறை, நாளுக்கு இருவேளை. செலவில்லாத இப்பயிற்சியைச் சொன்னால் பலருக்கு நம்பிக்கை வருவதில்லை. தைலத்தின் மீதுதான் நம்பிக்கை. உடல் பருத்தவர் எடையையும் குறைக்க வேண்டும். ஒரு கிலோ குறைந்தால் அடிதோறும் முழங்காலில் நான்கு கிலோ அளவு சுமை குறைவதாக ஆய்வில் கண்டுள்ளனர்.

கால் திருகிய சில மணி நேரத்தில் மூட்டு வீங்கினாலும், மடக்கவோ நீட்டவோ இயலாமல் பூட்டிக்கொண்டாலும், ஊன்ற முடியாவிட்டாலும், காய்ச்சலோடு மூட்டு சிவந்து சுட்டாலும் வீட்டு வைத்தியம் கூடாது. அன்றே மருத்துவரிடம் செல்க. கடையில் தாமாகவே வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவோர்க்கு இரைப்பைப் புண்ணும் சிறுநீரகக் கேடும் வரக்கூடும். பெயர்ச்சீட்டில்லாத பொட்டலப் பொடிகளோ இன்னும் ஆபத்தானவை.

ஆலயத்தில் முழந்தாளிட இயலவில்லையே என்று மனம் நோவோர் உண்டு. திருப்பலியின் பொது விதிமுறையே, உடல்நலமின்மையால் இயலாதவர் எழுந்தேற்றத்தின்போது முழந்தாளிட வேண்டியதில்லை என்கிறது. பின்னர்க் குரு முழந்தாளிடும்போது அவர்கள் தாழ்ந்து வணங்கினால் போதும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் முழங்கால் வலியால் 2022 மே மாதம் முதல் சக்கர நாற்காலியில் மக்கள்முன் வந்தார். அவ்வாண்டு ஜூலையில் செல்லவிருந்த காங்கோ, தென்சூடான் பயணத்தை ஒத்திவைத்து, 2023-இன் தொடக்கத்தில் அந்நாடுகளுக்குச் சென்றுவந்தார்.

அடுத்த ஆகஸ்டில் வேளாங்கண்ணிக்கு நடக்க விரும்புவோர் மே மாதத்திலேயே நாளுக்கு இரண்டு கிலோமீட்டராய்த் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாய்க் கூட்டிச் செல்க.